தராசடியிலும் சாவு வீட்டிலும்

(பலாபத்வலயில் நடைபெற்ற தோட்டக் கமிட்டிகளின் ஆண்டிறுதிக் கூட்டத்தில் எமது சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. அவருடைய பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நத்தார் வருகிறது, ஒரு கிறிஸ்தவ ஆளை இரண்டு வார்த்தை பேச விடுவோம் என்றுதான் செயலாளர் என்னைக் கூப்பிட்டார் என்று நினைத்தேன். நேற்று அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசியபோதுதான் விசயம் வேறு என்று தெரிந்தது. இந்த ஆண்டு எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்த இரண்டு சாவுகளைப் பற்றி உங்களில் பல பேருக்குத் தெரியும். தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த ஆட்களும் இங்கே இருக்கிறார்கள். தெரியாதவர்களுக்காக மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பெரியவர் காலமானார். அறுபது வருசம் அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர். மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். தப்பு அடித்தார்கள், நீர்மாலை எடுத்தார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் கீழ் லயத்திலிருந்து ஏழெட்டு வீட்டு ஆட்கள் வரவில்லை. அவர்கள் புதிதாக ஜெபக் கூட்டத்தில் சேர்ந்தவர்கள். அந்தச் சடங்கு நடக்கிற இடத்துக்குப் போகக் கூடாது என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாடை போகும்போது இளந்தாரிப் பையன்கள் ரோட்டோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தோள் கொடுக்கவில்லை.

நாலு மாதம் கழித்து அந்தக் கீழ் லயத்தில் ஒரு தாய் காலமானார். இந்தத் தடவை மற்றவர்கள் வரவில்லை. குழி வெட்ட ஆளில்லை. மழைக்காலம், மண் சரிகிறது. மகன்மார் இரண்டு பேரும் தாங்களே மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய் வெட்டினார்கள். தாய்க்கு மகன் குழி வெட்டுவது எங்கள் மலையகத்தில் நான் கேள்விப்படாத விசயம். பெற்ற பிள்ளைக்கு அழுவதற்காவது நேரம் கொடுக்க வேண்டாமா? அதற்காகத்தானே அயலார் குழி வெட்டுவது? அன்றைக்கு நம்முடைய கமிட்டித் தலைவி தனியாகப் போய், கூடவே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய், கடைசி இரண்டு அடியை முடித்துக் கொடுத்தார். அவர் கழுத்தில் சிலுவை இல்லை, நெற்றியில் விபூதி இருந்தது. இந்த மேடையிலேயே இருக்கிறார், பேர் சொன்னால் கோபிப்பார்.

இது மதப் பிரச்சினை, சங்கத்துக்கு என்ன வேலை என்று ஒரு தோழர் கேட்டாராம். சாவு வீட்டில் ஒன்றாக நிற்காத ஆட்கள் பிரட்டுக் களத்தில் எப்படி ஒன்றாக நிற்பார்கள்? 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்த பிறகு, கிலோவைக் கூட்டியபோதும் வேலை நாளைக் குறைத்தபோதும் பல தோட்டங்களில் ஆட்கள் ஒன்றாக நின்றார்கள். அந்த ஒற்றுமை நோட்டீஸ் ஒட்டி வந்ததில்லை. ஒரே பீலித் தண்ணீரைக் குடித்து, ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்து, ஒருவர் சவத்தை மற்றவர் தூக்கி வந்தது.

ஆகவே இன்று நான் முக்கியமாக என் கிறிஸ்தவச் சகோதரர்களோடுதான் பேசுகிறேன். கத்தோலிக்கர், மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைக்காரர், ஜெபக் கூட்டத்துப் பிள்ளைகள், எல்லோரோடும்தான். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருங்கள், உங்களுக்கும் நடுவில் கொஞ்சம் வரும்.

எங்களிடம் வேதாகமம் இருக்கிறது, வாசிக்கிறோம். கத்தோலிக்கருடைய வேதாகமத்தில் தோபித்து என்று ஒரு புத்தகம் உண்டு. மற்றச் சபைக்காரர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். தோபித்து அந்நிய நாட்டுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஒரு மனிதர். பெருநாளன்று சாப்பாட்டுக்கு உட்காருகிறார். தன் இனத்தவன் ஒருவன் கொலைசெய்யப்பட்டுத் தெருவில் கிடக்கிறான் என்று மகன் வந்து சொல்கிறான். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிறார், சவத்தை மறைவாக வைக்கிறார், பொழுது சாய்ந்ததும் குழி தோண்டிப் புதைக்கிறார். அயலவர்கள் பரிகசிக்கிறார்கள், இதற்காகத்தானே முன்பு உன்னைக் கொல்லத் தேடினார்கள், இன்னும் உனக்குப் புத்தி வரவில்லையா என்று. அவர் நிறுத்தவில்லை. நற்செய்தியில் பாருங்கள். இயேசு சிலுவையில் இறந்தபோது சீடர்மார் பலர் ஓடிவிட்டார்கள். சவத்தைக் கேட்டு வாங்கியவர் அரிமத்தியா ஊர் யோசேப்பு. நறுமணப் பொருளைச் சுமந்து வந்தவர் நிக்கோதேமு. இருவரும் அதுவரை பயந்து மறைவில் இருந்தவர்கள். சாவு வீட்டில்தான் வெளியே வந்தார்கள்.

சடங்கு செய்யச் சொல்லி உங்களை யாரும் கேட்கவில்லை, தம்பிமாரே. விபூதி பூச வேண்டாம், தீர்த்தக் குடம் தூக்க வேண்டாம், உங்கள் மனச்சாட்சிக்கு ஒப்பாததைச் செய்ய வேண்டாம். பாடைக்கு நாலு மூலை இருக்கிறது. ஒரு மூலையில் தோளைக் கொடுங்கள். தோள் கொடுப்பதில் எந்தப் பூசையும் இல்லை, பாரம் மட்டும்தான் இருக்கிறது.

இங்கே ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவாக்காரர், கொங்கணிப் பிராமணக் குடும்பத்தில் 1651இல் பிறந்தவர். யோசேப் வாஸ் என்று பெயர். 1687இல் இலங்கைக்கு வந்தார். அப்போது கரையோரம் ஒல்லாந்தர் கையில். கத்தோலிக்கக் குருமார் வரக் கூடாது என்று தடை. எப்படி வந்தார் தெரியுமா? கூலியாள் வேடத்தில், வெறுங்காலோடு. வேறு வேடமே அவருக்குக் கிடைக்கவில்லையா என்று நான் யோசித்ததுண்டு. வியாபாரி வேடம் போட்டிருக்கலாம். ஆனால் கூலியாளை யாரும் முகம் பார்ப்பதில்லை, அதனால் அதுதான் பாதுகாப்பு. எங்கள் பாட்டன்மார் மன்னாரில் வந்து இறங்குவதற்கு நூறு வருசத்துக்கும் மேலே முந்தியே, கூலி என்று சொல்லி ஒரு மனிதர் இந்த நாட்டுக்குள் வந்திருக்கிறார்.

1692இல் கண்டிக்கு வந்தார். போர்த்துக்கேய உளவாளி என்று பிடித்துக் காவலில் வைத்தார்கள். காவலில் இருந்தபடியே சிங்களம் படித்தார். பிறகு 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் நகரத்தை விட்டு வெளியேறினான். வசதியுள்ளவர்களும் போனார்கள். நோய்வாய்ப்பட்டவர்களைச் சொந்தக்காரரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வாஸும், அவருடைய உறவினரான கர்வாலியோ என்ற குருவும் நகரத்தை விட்டுப் போகவில்லை. நோயாளிகளை வீடுகளில் வைத்துப் பார்த்தார்கள், சோறு கொடுத்தார்கள், புண்ணைக் கழுவினார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். அந்தச் சனங்களில் மிகப் பெரும்பாலானவர்கள் பௌத்தர்கள். சவத்திடம் நீ என்ன மதம் என்று கேட்க முடியாது, அது வேறு விசயம். உயிரோடு இருந்தவர்களிடமும் அவர் கேட்கவில்லை.

பிராமண வீட்டில் பிறந்த ஒருவர் ஊர் பேர் தெரியாத ஆட்களின் சவத்தைத் தொட்டுத் தூக்கினார் என்பதை அன்றைய ஆட்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உளவாளி என்று பிடித்தவனை அரசன் பிறகு மரியாதையோடு நடத்தினான், சுதந்திரமாக நடமாட விட்டான். பிரசங்கத்தைக் கேட்டு மனம் மாறிய அரசன் இல்லை அவன். வேலையைப் பார்த்தவன். 1711 ஜனவரி 16ஆம் திகதி வாஸ் கண்டியிலேயே காலமானார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கையின் முதலாவது புனிதர் என்று எல்லாக் கோயிலிலும் படம் மாட்டியிருக்கிறோம். படத்துக்கு மாலை போடுகிற கையால் அயலானின் பாடையைத் தொட மாட்டோம் என்றால், மாலையைக் கழற்றிவிடலாம்.

அடுத்து, இந்த வீதியைப் பார்க்கச் சொல்கிறேன். இந்த மண்டபத்துக்கு வெளியே ஓடுகிற ஏ9 வீதிதான். கோப்பிக் காலத்தில் தலைமன்னார்ப் பக்கம் இறங்கிய எங்கள் சனம் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளைக்கு வந்துதான் தோட்டங்களுக்குப் பிரிந்தது. எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள், எத்தனை பேர் வழியில் விழுந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கே யாரும் வைக்கவில்லை. வாந்திபேதி, வயிற்றோட்டம், அம்மை, காய்ச்சல். நடக்க முடியாதவரை வழியில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். நின்றால் அவர்களும் செத்திருப்பார்கள், அதனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தச் சவங்களுக்குக் குழி வெட்ட ஆளில்லை. குழி வெட்ட ஆளில்லாமல் செத்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்களுக்குள்ளேயே ஒரு தாய்க்குக் குழி வெட்ட ஆள் இல்லாமல் போனது என்று கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்ததற்குக் காரணம் அதுதான்.

2023இல், நாங்கள் வந்து 200 வருசம் என்று சொல்லி, அந்தப் பாதையைத் திரும்ப நடந்தார்கள். ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்று அந்த நடைபயணத்துக்குப் பெயர். ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி, மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை, நாவுல என்று இந்த வழியாகவே வந்து, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. 16 நாள். அதை முன்னின்று ஏற்பாடு செய்தவர்களில் இலங்கை தேசிய கிறிஸ்தவ மன்றமும் ஒன்று. நடந்தவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்களா? இல்லை. சைவர்கள் நடந்தார்கள், முஸ்லிம்கள் வந்தார்கள், சிங்களச் சகோதரர்கள் வந்தார்கள், பிக்குமாரும் வந்தார்கள். வழியில் செத்தவர்களை நினைத்து விளக்கு வைத்தார்கள். காணி, வீடு, வாழப் போதுமான சம்பளம், பாடசாலை, தமிழில் அரச சேவை, மற்றப் பிரசைகளுக்குச் சமமான மரியாதை என்று கோரிக்கை வைத்தார்கள். யாரையும் மதம் மாறச் சொல்லி அதில் ஒரு வரி இருக்கவில்லை. எனக்கு அது பெரிய பிரசங்கமாகத் தெரிந்தது.

சபைகள் எப்போதும் இப்படி நடந்தன என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையைப் பேச வேண்டும். 1854இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெயரைப் பாருங்கள், கூலி என்பதை மிஷனுக்கே பெயராக வைத்தார்கள். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். லயத்துக்கு லயம் நடந்தார்கள். எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த உபதேசிமாரின் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மிஷனுக்குக் காசு கொடுத்தவர்களில் தோட்டத் துரைமாரும் இருந்தார்கள். துரை காசு கொடுக்கிற சபையில், துரையின் தராசைப் பற்றி உபதேசியார் எப்படிப் பேசுவார்? பரலோகத்தைப் பற்றிப் பேசினார். துண்டு முறையைப் பற்றி, பெரிய கங்காணியின் கடன் கணக்கைப் பற்றிப் பேச இடமிருக்கவில்லை. அந்தப் பழக்கம் இன்னும் எங்கள் சபைகளில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நத்தார் கரோலுக்குத் துரை பங்களாவுக்கு முதலில் போகிறோம், லயத்துக்குக் கடைசியில் வருகிறோம். கேக் அங்கேதான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

வேறு மாதிரியும் ஆட்கள் இருந்தார்கள். லியோ நாணாயக்கார ஆயர், கண்டி மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த சிங்களவர். 1972இல் பதுளைக்குப் புதிய மறைமாவட்டம் உண்டானபோது, கண்டியை விட்டுவிட்டு, வசதி குறைந்த அந்தப் பக்கத்துக்குத் தானே போனார். அதே 1972இல் கண்டியில் போல் கஸ்பர்ஸ் என்ற இயேசு சபைக் குரு ‘சத்யோதய’ நிலையத்தைத் தொடங்கினார். பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர், ஒக்ஸ்போர்டில் படித்தவர். அங்கே சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துவும் கிறிஸ்தவரும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தார்கள், வேலை செய்தார்கள். அது எந்தக் காலம் என்று வயசானவர்களுக்கு நினைவிருக்கும். 1973, 74 பஞ்சம். மா இல்லை, அரிசி இல்லை, தோட்டங்களில் பட்டினிச் சாவு. எங்கள் சனத்தில் பெரும்பகுதிக்குப் பிரசாவுரிமை இல்லை. 1948இல் பறித்தார்கள், 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று மூட்டை பிரிப்பது மாதிரிப் பிரித்தார்கள். வாக்கு இல்லாத சனத்தைப் பற்றிப் பேசினால் யாருக்கும் இலாபமில்லை. அந்த நேரத்தில்தான், 1974இல், தோட்டப் பகுதிகளில் வேலைசெய்கிறவர்களை ஒன்றாக இணைக்கும் செயலகம் ஒன்றை உண்டாக்கினார்கள். அதிலும் கஸ்பர்ஸ் பாதர் முன்னுக்கு நின்றார். எங்களுடைய நிலைமையைச் சிங்கள மக்களுக்கும் வெளிநாட்டுக்கும் எழுதிச் சொன்னார்கள். 1979இல் இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் தொடங்கியபோது அதிலும் அவர் இருந்தார். நாலு வருசத்தில், 1983 ஜூலையில், இந்த மாத்தளை நகரத்தில் கடைகள் எரிந்ததும் முத்துமாரியம்மன் கோயில் தாக்கப்பட்டதும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட நாட்டில் சிங்களவரும் தமிழரும் ஒரே சமையலறையில் சோறு ஆக்கியதைச் சின்ன விசயம் என்று நினைக்காதீர்கள். 2017இல் அவர் காலமானார்.

இவர்கள் எல்லாம் படித்தவர்கள், குருமார், ஆயர்மார், எங்களால் என்ன முடியும் என்று ஒரு அக்கா இப்போதே முகத்தால் கேட்கிறார். சரி, மடுவத்துக்கு வருவோம்.

லூக்கா நற்செய்தி மூன்றாம் அதிகாரத்தில் சனங்கள் யோவான் ஸ்நாபகரிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் உபவாசம் இரு என்று சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடு என்றார். வரி வசூலிக்கிறவனிடம், விதித்ததற்கு மேலே வாங்காதே என்றார். சிப்பாய்களிடம், யாரையும் மிரட்டிக் காசு பறிக்காதே, உன் சம்பளத்தோடு இரு என்றார். (இந்தக் கடைசி வார்த்தையைக் கம்பனிக்காரர் எங்களைப் பார்த்துச் சொல்வதற்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். யோவான் அதைச் சொன்னது கையில் ஆயுதம் வைத்திருந்தவர்களிடம். அன்றாடம் கூலிக்குப் போகிறவனிடம் இல்லை. கூலியைப் பிடித்து வைத்திருக்கிறவர்களுக்கு யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரம் இருக்கிறது, அதைப் படித்துக்கொள்ளட்டும்.) ஒவ்வொருவரும் எந்த வேலையில் இருக்கிறாரோ அந்த வேலையின் அநியாயத்தை விடச் சொன்னார். அவ்வளவுதான்.

எங்கள் ஆட்களில் சிலர் கங்காணி, கணக்கப்பிள்ளை, தராசில் நிறுத்து எழுதுகிறவர். கொழுந்தில் ஈரம் என்று கழிக்கிறார்கள், சாக்குக்கு என்று கழிக்கிறார்கள். சாக்கு என்ன பாரம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேலே கழிக்கிற ஒவ்வொரு கிலோவும் ஒரு பெண்ணின் முதுகிலிருந்து எடுத்தது. தராசில் நிற்கிறவர் கிறிஸ்தவர் என்றால், அவருடைய சபையை அந்தப் பெண் அறிய வேண்டியது அந்த முள்ளில்தான். மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய என்று சொல்வார். உத்தரவு என்றால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கிடைத்தால் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம். எழுத்தில் கொடுக்க மாட்டார்கள் என்றால் அது உத்தரவே இல்லை. சக்கேயு மரத்திலிருந்து இறங்கி வந்தபோது சாட்சி சொல்லவில்லை, கணக்குப் பார்த்தான். யாரிடம் அநியாயமாக வாங்கினேனோ அதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். நாலு மடங்கு வேண்டாம், வாங்கியதைத் திருப்பிப் போட்டாலே எங்கள் மடுவத்தில் பெரிய எழுப்புதல் வந்துவிடும்.

எங்கள் பக்கமும் உண்டு. பாலில் தண்ணீர் கலக்கிறோம். கொழுந்துக்கு அடியில் முத்தல் இலையை வைக்கிறோம். கொக்கோக் காய் இரவில் வழி தெரியாமல் நடந்து கடைக்குப் போகிறது. கம்பனி எங்களைச் சுரண்டவில்லையா, இதில் என்ன என்று கேட்கலாம். ஆனால் பிடிபட்டால் என்ன நடக்கிறது? ஒரு ஆள் கலந்த தண்ணீருக்காக முழுத் தோட்டத்துப் பாலையும் சந்தேகத்தோடு அளக்கிறார்கள். பேச்சுவார்த்தை மேசையில் அதைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். எங்கள் தலைவர்மார் தலையைக் குனிய வேண்டி வருகிறது.

அடுத்தது பாரம் நிரப்புகிற விசயம். ஊழியர் சேமலாப நிதி எடுக்கப் போகிற ஒரு அம்மாவுக்குப் பாரம் நிரப்பிக் கொடுக்க ஆயிரம், இரண்டாயிரம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், செக்ரோலில் ஒரு பேர். ராமாயி, ராமாய், ரமயி. இதைத் திருத்த ஆறு மாதம் அலைகிறார்கள். பிரதேச செயலகத்திலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தால் வாசிக்க ஆளில்லாமல் அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறார்கள். உயர்தரம் படித்த பிள்ளைகள் எங்கள் ஒவ்வொரு சபையிலும் இரண்டு மூன்று பேராவது இருக்கிறீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு மணித்தியாலம் கோயில் வாசலில் ஒரு மேசையைப் போட்டு உட்காருங்கள். கோயிலுக்கு வராத ஆள் வந்தாலும் எழுதிக் கொடுங்கள். வந்தவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து ஜெபம் செய்து அனுப்ப நினைக்காதீர்கள். அந்த அம்மா பாரத்துக்காக வந்தார், பாரத்தோடு போகட்டும். உதவியைத் தூண்டிலில் மாட்டினால் அது உதவியில்லை. ஜெபக் கூட்டத்துத் தம்பிமாருக்கு இது கொஞ்சம் கசக்கும், தெரியும். நடைபயணத்தில் செருப்பு அறுந்தவனுக்குச் செருப்புக் கொடுத்த ஆள் அவன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

வீட்டைப் பற்றி நீட்டிப் பேச நேரமில்லை. ஆனாலும் ஒன்று சொல்லாமல் விட முடியாது. பெரிய வியாழனன்று சுவாமி பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுகிறார், நாங்கள் கண்கலங்கிப் பார்க்கிறோம். அன்றைய யூத வீட்டில் அது அடிமையின் வேலை. மலையிலிருந்து இறங்கி வருகிற உங்கள் மனைவியின் காலில் அட்டை கடித்து இரத்தம் ஓடுகிறது. வந்ததும் அவர் அடுப்பைப் பற்ற வைக்கிறார், தண்ணீர் எடுக்கிறார், பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார். நீங்கள் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அது ஞானப்பாட்டாகக் கூட இருக்கலாம். ஒரு வாளித் தண்ணீரைச் சூடாக்கி வையுங்கள். கழுவத் தேவையில்லை, அவர் கழுவிக்கொள்வார். கசிப்பைக் குடித்துவிட்டு வந்து கை நீட்டுகிற ஆளுக்கு நான் வேதாகமம் சொல்லப்போவதில்லை. அதற்கு மாதர் சங்கத் தலைவி இருக்கிறார், பொலிஸ் நிலையத்தில் பெண்களுக்கான பிரிவும் இருக்கிறது.

இப்போது முதலில் சொன்ன விசயத்துக்கு ஒரு ஏற்பாடு. நேற்று இரவு செயலாளரும், கோயில் பரிபாலன சபைத் தலைவரும், கீழ் லயத்து ஜெபக் கூட்டத்துப் போதகரும், நானும் உட்கார்ந்து பேசினோம். போதகர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார், இரண்டு மணித்தியாலம் இருந்தார். தன் ஆட்களுக்குத் தானே சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். சில விசயங்களில் ஒத்துக்கொண்டோம், சிலவற்றில் இல்லை. ஒத்துக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

சாவு விழுந்தால், எந்த வீடாக இருந்தாலும், குழி வெட்டவும் பாடை தூக்கவும் லயத்துக்கு இரண்டு பேர். கட்டாயம் கலப்பாக இருக்க வேண்டும், ஒரே சாமி கும்பிடுகிற நாலு பேர் ஒரு குழியில் இறங்கக் கூடாது. சடங்கு நடக்கும்போது விரும்பாதவர் தள்ளி நிற்கலாம், யாரும் குத்திப் பேசக் கூடாது. ஜெபம் நடக்கும்போது தப்புக்காரர் நிறுத்துவார். அதற்கு ஈடாக, தப்பு அடிப்பதைப் பேய் வேலை என்று யாரும் மைக்கில் பேசக் கூடாது. தப்பு இந்தத் தோட்டத்தில் சாவை மட்டும் சொல்லவில்லை, பிரட்டுக்கு ஆளைக் கூப்பிட்டதும் அதுதான். மரண சகாய நிதிக்கு எல்லா வீடும் மாதாமாதம் கொடுக்க வேண்டும். கோயில் திருவிழா வரி வேறு, இது வேறு, இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதக் கூடாது. இந்தக் குழப்பம்தான் பாதிச் சண்டைக்குக் காரணம் என்று நேற்றுத் தெரிந்தது. திருவிழா வரி கொடுக்க மனமில்லாத கிறிஸ்தவ வீடு, அதே காசைப் பீலி திருத்துவதற்குக் கொடுக்கலாம் என்று பரிபாலன சபைத் தலைவர் தானாகச் சொன்னார். அந்த மனசுக்கு நான் எல்லோர் முன்னாலும் நன்றி சொல்கிறேன்.

அந்தத் தாய்க்குக் குழி வெட்டிய இரண்டு மகன்மாரும் பின்வரிசையில் இருக்கிறார்கள். முதல் பேரைத் தாங்கள் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெரியவருடைய பேரன் இரண்டாவது பேரை எழுதுவான் என்று எதிர்பார்க்கிறேன், அவனிடம் இன்னும் கேட்கவில்லை, இப்போதுதான் கேட்கிறேன்.

கொப்பி செயலாளரின் மேசையில் இருக்கிறது. அலவாங்கு இரண்டும் மண்வெட்டி நாலும் சங்கக் காசில் வாங்கி மடுவத்தில் வைப்போம், யாரும் வீட்டுத் தோட்டத்துக்கு எடுத்துப் போக வேண்டாம். மேல் பிரிவு ஆட்கள் முதலில் வந்து எழுதிவிட்டுப் புறப்படுங்கள், உங்களுக்கு ஐந்து மணி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை.